சீட்டின் மேல் போட்ட பழி

என் வலது கால் மரத்துப்போனதற்கு ஆறு மாதமாகக் கார் சீட்டின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். அது பாவம், வாயில்லாத சீட்டு. பட்டனைத் தொட்டால் முன்னால் வரும், பின்னால் போகும், மேலே ஏறும், கீழே இறங்கும். முதுகைச் சாய்க்கும், நிமிர்த்தும், இடுப்புக்கு ஒரு முட்டும் கொடுக்கும். என் வீட்டில் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பொருள் அது ஒன்றுதான். அதைத்தான் நாளெல்லாம் திட்டினேன்.

கார் மகளுடையது. அவளும் மாப்பிள்ளையும் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது விற்க மனமில்லாமல் போடியில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்கள். போகும்போது மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "அப்பா, இனிமே நீங்க ஜீப்பத் தொடவே கூடாது. முதுகு வலி, முதுகு வலின்னு அம்மா உசிர எடுக்கிறீங்க. இதுல உக்காந்து ஓட்டுங்க, சொகமா இருக்கும்." ஜீப்பை விற்றுவிட்டேன். விற்ற அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிடவில்லை. அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவுமில்லை.

ஜீப் ஓட்டித்தான் நான் மனிதனானேன். விடிகாலையில் போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை மேட்டுக்குக் கிளம்பும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டிரைவர் பாதி வெளியேதான் இருப்பார். முன்னால் அவரோடு சேர்த்து நாலு பேர், சில நாள் ஐந்து பேர். கடைசியாக ஏறுகிற ஆள் கியர் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு உட்காரும். டிரைவர் வலது இடுப்பைக் கதவில்லாத பக்கம் காற்றில் விட்டு, இருக்கிற கால்வாசி இடத்தில் தொற்றிக்கொண்டு ஓட்டுவார். "அண்ணே, கொஞ்சம் ஒதுங்கிக்கங்க" என்றால் ஒதுங்க வேண்டும். அதுதான் எங்கள் தொழில். பதினேழு கொண்டை ஊசி வளைவு, மேலே போக ஒரு தடவை, கீழே வர ஒரு தடவை, இருபத்திரண்டு வருஷம் ஒதுங்கினேன். அந்த வருமானத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மூன்று ஏக்கர் ஏலக்காடு வாங்கினேன். பிறகு மற்றவர்கள் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவதை விட்டுவிட்டு என் தோட்டத்துக்கு மட்டும் ஏற்ற ஆரம்பித்தேன்.

கார் வந்தபிறகும் அப்படித்தான். நாலு பெண்கள் எனக்கு நிரந்தரம். காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிற்பார்கள், சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு. அதில் மூத்தவள் என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். ஜீப் வாங்கிய முதல் வருஷத்திலிருந்து என் வண்டியில் வருகிறவள். என்னை 'அண்ணே' என்பாள், நான் 'தாயி' என்பேன். பக்கத்தில் ஜீப்புக்கு நிற்கிற மற்ற பெண்கள் இவர்களைப் பார்த்து, "கார்ல போற மகராசிக கெளம்பியாச்சு" என்று கேலி பேசுவார்கள். இவர்களுக்கு அதில் ஒரு பெருமை. உள்ளதைச் சொன்னால் எனக்கும் பெருமைதான். காய் எடுக்கிற நாளில் ஆள் கிடைக்காமல் பெரிய பெரிய தோட்டக்காரர்களே திண்டாடும்போது, என் மூன்று ஏக்கருக்கு நாலு பேர் தவறாமல் வந்தார்கள் என்றால் அது அந்தக் காருக்காகத்தான். ஏலம் நமக்காகக் காத்திருக்காது. முற்றியதை எடுக்காமல் விட்டால் பழுத்து வெடித்து அணிலுக்குப் போய்விடும்.

முதல் வாரமே எனக்குச் சீட்டு ஒத்துவரவில்லை. முதுகு வலி குறைவதற்குப் பதிலாக வலது பக்கம் புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை கம்பி இழுப்பது போல இழுத்தது. மகளுக்குப் போனில் சொன்னேன். அவள் வீடியோவில் வந்து, அம்மாவைப் போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கச் சொல்லி, எனக்குச் சீட்டு வைக்கக் கற்றுக்கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறதாம். முதலில் பின்பக்கத்தைச் சீட்டோடு ஒட்டி உட்கார வேண்டும். அடுத்து உயரம், பானெட்டுக்கு அப்பால் ரோடு தெரிகிற அளவுக்கு. அடுத்து தூரம், பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். அதற்குப்பிறகுதான் முதுகுச் சாய்வு, ஸ்டியரிங் உச்சியில் மணிக்கட்டு படுகிற மாதிரி. கடைசியாக இடுப்பு முட்டு. நானும் நல்ல பிள்ளையாக ஒவ்வொரு பட்டனாக அமுக்கினேன். சீட்டும் முனகிக்கொண்டு நகர்ந்தது.

எல்லாம் முடிந்ததும் மகள் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, நடுவுல உக்காருங்க" என்றாள்.

"நடுவுலதான இருக்கேன்."

"எங்க இருக்கீங்க? கதவோட ஒட்டிக்கிட்டு இருக்கீங்க. இந்தப் பக்கம் யாருக்கு எடம் விட்டிருக்கீங்க?"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். இடது பக்கம் ஓர் ஆள் ஒடுங்கி உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. வலது பக்கம் சீட்டின் மேடான ஓரத்தில் ஏறி, இடுப்பைக் கதவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கென்று ஒரு முழுச் சீட்டு கிடைத்தும், பக்கத்தில் இல்லாத ஆளுக்கு ஒதுங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள், படம் ஆடியது. நானும் சிரித்தேன். நகர்ந்து நடுவில் உட்கார்ந்தேன். மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் தாண்டி முதல் வளைவில் திரும்புவதற்குள் பழையபடி கதவோடு ஒட்டியிருந்தேன். எத்தனை தடவை நடுவுக்கு வந்தாலும் வளைவு வந்ததும் உடம்பு தானாகவே ஒதுங்கும்.

அந்த மேடான ஓரம் நரம்பை அழுத்துகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். துண்டை மடித்து வைத்துப் பார்த்தேன். மணியில் கோத்த விரிப்பு வாங்கிப் போட்டேன். தேனியில் உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கிறவரிடம் போய் முதுகைக் காட்டினேன். அவரிடமும் சீட்டைப் பற்றித்தான் பேசினேன். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், கேட்காததைச் சொல்லவில்லை. அந்தக் கேட்காத விஷயம் அதற்குள் ஆரம்பித்துவிட்டிருந்தது.

ஒரு சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து காரை நிறுத்திவிட்டு, வாசல் தாண்டி, கூடம் வரை நடந்து வந்துவிட்டேன். என் மனைவி என் காலையே பார்த்தாள். "ஒரு செருப்பு எங்க?" என்றாள். வலது காலில் செருப்பு இல்லை. காரில் பிரேக்குக்குக் கீழே கிடந்தது. வாசலில் சல்லிக்கல் கொட்டியிருந்தோம், அதன்மேல் வெறும் காலோடு நடந்து வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. "அவசரத்துல விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். குளியலறையில் உட்கார்ந்து பாதத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ கீறுவது போல இருந்தது.

அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நிறுத்தாததற்குக் காரணம் சொல்லச் சொன்னால் நூறு சொல்வேன், காய் எடுப்பு நேரம், ஆள் போய்விடும், டிரைவர் வைத்துக் கட்டுப்படியாகாது. எல்லாம் சும்மா. எனக்குப் பயமாக இருந்தது. ஓட்டாத ஆளாக இருந்து எனக்குப் பழக்கமே இல்லை. வீட்டில் உட்கார்ந்து டீவி பார்த்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு இருப்பதை நினைத்தாலே எரிச்சல் வந்தது.

ஆகவே சீட்டைச் சரி செய்தேன். மகள் சொன்ன வரிசையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு என் வரிசையில் வைத்தேன். உயரத்தை எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏற்றினேன். முன்னால் எவ்வளவு வருமோ அவ்வளவு இழுத்தேன். முதுகை நிமிர்த்தினேன். அப்படி உட்கார்ந்தால் பாதத்தால் மிதிக்க வேண்டியதில்லை, தொடையை அழுத்தினால் போதும், பிரேக் இறங்கும். பாதம் தெரியாவிட்டாலும் முட்டி தெரிந்தது. முட்டி எவ்வளவு நீள்கிறது என்பதை வைத்துப் பிரேக் எவ்வளவு இறங்கியது என்று கணக்குப் பண்ணினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். சந்தேகம் வந்தால் ஒரு நொடி குனிந்து பார்த்துக்கொள்வேன், கால் எதன் மேல் இருக்கிறதென்று. மேட்டு ரோட்டில் ஒரு நொடி குனிவதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவனுக்கு?

பின்னால் இருந்த பெண்களுக்கு என் சீட்டு விளையாட்டு தினம் ஒரு வேடிக்கை. வண்டி எடுப்பதற்குமுன் நான் பட்டனை அமுக்கி மேலும் கீழும் போய்வருவதைப் பார்த்து, "அண்ணே ராட்டினம் ஆடுறாரு" என்று ஒருத்தி சொல்வாள். "புதுச் சீட்டு இன்னும் பழகலைல்ல" என்று இன்னொருத்தி பரிந்து பேசுவாள். நான் சீட்டைத் திட்டுவேன். அவர்களும் சேர்ந்து திட்டுவார்கள். அப்புறம் முந்தல் தாண்டியதும் தூங்கிவிடுவார்கள். விடியுமுன்னே எழுந்து சமைத்துவிட்டு வருகிறவர்கள் வேறென்ன செய்வார்கள். மூத்தவள் மட்டும் தூங்குவதற்குமுன் சில நாள் சொல்வாள், "மத்த வண்டியில கண்ண மூட மாட்டேண்ணே. உங்க வண்டின்னா தூக்கம் தானா வந்துருது."

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்குத் திடீரென்று தோட்டத்தின் மேல் ஆசை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் மேட்டுக்கு வந்தது விரல்விட்டு எண்ணுகிற தடவைதான். வளைவு ஏறினால் வாந்தி வரும். அவள் ஒருநாள் காலையில் சேலை கட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "நானும் வர்றேன். வீட்ல எனக்கென்ன சோலி" என்று காருக்குள் ஏறினாள். அதுவரை முன்சீட்டில் வந்த மூத்தவள் பின்னால் போய் மற்ற மூவரோடு நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து மனைவி கிட்டத்தட்ட தினமும் வந்தாள். தோட்டத்தில் அவள் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து காயில் தூசி பொறுக்குவாள், மத்தியானம் டீ போடுவாள். சாயங்காலம் திரும்ப ஏறிக்கொள்வாள்.

அவள் உட்காருகிற சீட்டுக்கும் பட்டன் உண்டு. அதை அவள் முன்னால் இழுத்து, டேஷ்போர்டில் முட்டி இடிக்கிற மாதிரி வைத்துக்கொள்வாள். முதுகைச் செங்குத்தாக நிமிர்த்திவிடுவாள். வசதியாகச் சாய்ந்துகொண்டு வரத்தானே அவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று நான் கேலி பண்ணுவேன். "அடைகாக்குற கோழி மாதிரி எதுக்கு இப்பிடி உக்காந்திருக்க? பின்னால தள்ளி நல்லா சாஞ்சுக்கயேன்." அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "எனக்கு இப்பிடி இருந்தாத்தான் வாந்தி வரல" என்பாள். ஆனால் வாந்தி வந்தது. பிளாஸ்டிக் பையில் எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

நடந்தது ஒரு சாயங்காலம், இறங்கும்போது. மேட்டில் சாரல். மேகம் ரோட்டில் இறங்கி, கொஞ்சம் தள்ளி இருப்பது தெரியவில்லை. நான் இரண்டாம் கியரில் நிதானமாகத்தான் வந்தேன். ஒரு வளைவில் கீழேயிருந்து ஒரு லோடு வண்டி அகலமாகத் திரும்பி என் பக்கம் வந்தது. பிரேக்கை மிதித்தேன். தொடை அழுத்தியது, முட்டி நீண்டது, கணக்குப்படி வண்டி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஈரப் பாதம் பிரேக்கின் ஓரத்தில் பட்டு நழுவி பெடல்களுக்கு இடையில் விழுந்திருக்கிறது. நான் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன். வண்டி தடுப்புச் சுவரைப் பார்த்துப் போனது. நான் குனிந்தேன். ரோட்டைப் பார்க்க வேண்டிய நேரத்தில் காலைப் பார்க்கக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது வண்டி நின்றிருந்தது. சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். கைபிரேக் மேலே ஏறியிருந்தது. அதைப் பிடித்திருந்தது என் மனைவியின் கை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சம்பழம் என் காலடியில் உருண்டு கிடந்தது.

லோடு வண்டி ஹாரன் அடித்துவிட்டு மேலே போய்விட்டது. பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முன்சீட்டில் மோதி விழித்துக்கொண்டார்கள். "என்னண்ணே, என்னாச்சு?" என்றாள் மூத்தவள்.

"சீட்டு நழுவிருச்சு தாயி" என்றேன். "மட்டமான சீட்டு."

வாய் கூசாமல் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். ஒருத்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இந்தச் சீட்டக் கழட்டிப் போட்டுட்டு முக்காலி போட்டு ஓட்டுங்கண்ணே" என்றாள், மற்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. மிச்ச வளைவுகளை ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கினேன். அவள் கை கைபிரேக்கின் மேலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியும் இருவரும் இறங்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். "எனக்குக் கால் தெரியல."

"தெரியும்" என்றாள்.

"எப்பருந்து?"

"செருப்ப விட்டுட்டு வந்தீகளே, அன்னைக்கே தெரியும். சல்லியில நடந்து வந்தும் முகம் சுளிக்கல நீங்க. அதனாலதான் கூட வந்தேன். சீட்டப் பின்னால தள்ளுனா இந்தக் கைபிரேக்குக் கம்பி எட்டல எனக்கு."

எனக்குக் கோபம் வந்தது. நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். "தெரிஞ்சுக்கிட்டு ஏன் சொல்லல? கூப்ட்டு வச்சு ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?" என்று கத்தினேன்.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீக? சீட்டு சரியில்லம்பீக. வண்டிய விடுங்கன்னு சொன்னா வீட்ல மொடங்கிருவீகளோன்னு பயந்தேன். நீங்களா சொல்லுவீகன்னு பாத்தேன். சொல்லல."

"பின்னால நாலு பேரு இருக்காங்கன்னு உனக்குத் தோணலையா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தோணுச்சா?"

அவளுக்கு என்னைப் பற்றி இருந்த பயத்தில் அவள் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு என்னைப் பற்றி இருந்த பயத்தில் நான் காலை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். பின்னால் தூங்கிய நாலு பேரை இரண்டு பேரும் பார்க்கவில்லை. அவள் இறங்கி உள்ளே போனபிறகும் நான் காரிலேயே இருந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

மறுநாள் தேனியில் நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் என் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, குத்துகிற இடத்தைச் சொல்லச் சொன்னார். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். "இன்னும் ஆரம்பிக்கலையா சார்?" என்று கேட்டேன். "ஆறு இடம் குத்திட்டேன்" என்றார். தண்டுவடத்துக்குப் பக்கத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள், ஆபரேஷன் செய்தாலும் உணர்ச்சி திரும்புமென்று உறுதி சொல்ல முடியாது என்றார். எழுதிக்கொண்டே, "கடைசியா எப்ப வண்டி ஓட்டுனீங்க?" என்றார். "இப்பத்தான். இங்க வர்றதுக்கு" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திரும்பும்போது வேறு டிரைவரைப் போட்டுக்கொண்டு வந்தோம். முதன்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

அடுத்தது பெண்களிடம் சொல்ல வேண்டும். என் மனைவி வேண்டாம் என்றாள். "முதுகு வலிக்கு டாக்டர் ஓட்டக்கூடாதுன்னுட்டாருன்னு சொன்னாப் போதும். ஜீப்புக்குச் சொல்லிவிட்ருங்க. முடிஞ்சது முடிஞ்சு போச்சு. இல்லாததையா சொல்லப்போறீக?" அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முதுகு வலிதான், டாக்டர் ஓட்டக்கூடாது என்றுதான் சொன்னார். அப்படிச் சொல்லியிருந்தால் அவர்கள் உச்சுக்கொட்டியிருப்பார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். நான் நல்லவனாகவே இருந்திருக்கலாம்.

எனக்கு அது பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஏதோ பெரிய நேர்மை என்று நினைத்துவிடக்கூடாது. சொன்னால் அவர்கள் மன்னித்துவிடுவார்கள் என்று உள்ளூர ஒரு கணக்கு இருந்தது. "அதனாலென்னண்ணே, நீங்க இல்லாட்டி எங்கள யாரு ஏத்திட்டுப் போயிருப்பா" என்று மூத்தவள் சொல்வாள், என் மேலிருந்த பாரம் இறங்கிவிடும், நிம்மதியாகப் போய் ஆபரேஷனுக்குப் படுத்துக்கொள்ளலாம். அந்த வார்த்தையை வாங்கத்தான் மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன்.

நாலு பேரும் வழக்கமான இடத்தில் நின்றார்கள். காரைக் காணாமல் என்னை ஆட்டோவில் பார்த்ததும், "என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கால் மரத்துப்போனதை, மறைத்ததை, அன்றைக்குச் சீட்டு நழுவவில்லை, என் கால்தான் நழுவியது என்பதை. என் மனைவி கைபிரேக்கை இழுத்ததையும் சொன்னேன். பேசி முடித்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்தேன். மூன்று பேர் மூத்தவளைப் பார்த்தார்கள்.

"எத்தன நாளாண்ணே?" என்றாள் அவள்.

"ஆறு மாசம் இருக்கும் தாயி."

அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். மனசுக்குள் மாதத்தை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. "அப்ப, வளைகாப்பு முடிச்சு எம்மகள மேட்லருந்து கூட்டியாந்தமே, அன்னைக்கு?"

அதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. இவ்வளவும் எழுதிய நான் இங்கேயும் சொல்லாமல் விட்டுவிட்டுத்தான் வந்தேன். மூத்தவளின் மகளை மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பிள்ளைத்தாச்சியை ஜீப்பில் குலுக்கிக்கொண்டு வர முடியுமா என்று அவள் தயங்கியபோது, "நம்ம காரு எதுக்கு இருக்கு?" என்று நானாகத்தான் சொன்னேன். அன்றைக்கு என் மனைவி உறவில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள், வரவில்லை. முன்சீட்டு காலி. அந்தப் பெண்ணை அதில் உட்கார வைத்து, நானே பட்டனை அமுக்கிச் சீட்டைப் பின்னால் தள்ளி, முதுகைச் சாய்த்து, இடுப்புக்கு முட்டு ஏற்றி, "இப்ப எப்பிடி இருக்கு? இன்னுங் கொஞ்சம் சாய்க்கவா?" என்று கேட்டுக் கேட்டு வைத்தேன். கை நிறைய வளையலோடு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பதினேழு வளைவும் தூங்கிக்கொண்டே வந்தாள். நான் அன்றைக்கு மூன்று தடவை குனிந்து காலைப் பார்த்தேன்.

"அன்னைக்கும் காலு தெரியாதுதான?" என்றாள் மூத்தவள்.

"தெரியாது தாயி."

"தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

திட்டுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எம்புட்டுப் பாங்கா அந்தச் சீட்டச் சாச்சுக் குடுத்தீகண்ணே" என்றாள். பிறகு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, ஜீப்புக்கு நிற்கிற பெண்களோடு போய் நின்றுகொண்டாள்.